நாகலாபுரத்திலிருந்து சென்னைக்கு: இரண்டு நாள், ஓர் இரவு

நாகலாபுரத்துக்காரர்களுக்கு அரசாங்க வேலையெல்லாம் ஆந்திரப் பக்கம்தான். 2022 ஏப்ரல் முதல் மாவட்டத் தலைநகரமும் திருப்பதி. ஆனால் கல்யாணத்துக்குத் துணி எடுக்க, காது குத்துக்கு நகை வாங்க, பிள்ளைகளுக்குக் கடல் காட்ட என்று வந்துவிட்டால் கால் சென்னைப் பக்கம்தான் திரும்பும். தூரம் சுமார் 75 கி.மீ. பேருந்தில் இரண்டரை மணி நேரம் முதல் மூன்று மணி நேரம்.

தூரம் குறைவுதானே என்று திட்டமில்லாமல் கிளம்புவதால்தான் சங்கடம் வருகிறது. நகருக்குள் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போவதற்கே பாதிப் பொழுது கழிந்துவிடும். அதனால் இந்தப் பயணத்தை வால் பக்கத்திலிருந்து திட்டமிடுங்கள். திரும்பி வரும் பேருந்தை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு முந்தைய நேரம் கடைகளுக்கு, அதற்கும் முந்தைய நாள் சுற்றிப் பார்க்க. வாங்கிய மூட்டையோடு அருங்காட்சியகத்துக்கும் கடற்கரைக்கும் போக முடியாது. சுற்றிய களைப்போடு கடைக்குப் போனால் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கத் தோன்றும்.

எந்த நாளில் கிளம்புவது?

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மெரினா கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள். கிண்டி பாம்புப் பண்ணைக்கும் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் செவ்வாய். பாரிமுனை மொத்தக் கடைகளில் பெரும்பாலானவை ஞாயிறு திறப்பதில்லை. தி. நகர் ஞாயிறு திறந்திருக்கும். உள்ளே நுழைவதுதான் பாடு. இதையெல்லாம் கழித்துப் பார்த்தால், எல்லாவற்றுக்கும் பொருந்தும் அடுத்தடுத்த இரண்டு நாள் புதன், வியாழன்தான். வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகள் உள்ளவர்களும் சனி, ஞாயிறு போகலாம். அப்போது பாரிமுனையை மறந்துவிட்டு தி. நகரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேலண்டரில் இன்னும் மூன்றைப் பாருங்கள்.

1. ஆடி ஞாயிறு. பெரியபாளையம் பவானியம்மன் கோயில் நம் வழியிலேயே இருக்கிறது. ஆடியில் வேப்பிலையும் பொங்கல் பானையுமாகச் சனம் சாலையில் நிற்கும்; பேருந்து ஊர்ந்துதான் போகும். ஆடித் தள்ளுபடி வேண்டுமென்றால் வார நாளில் போங்கள்.
2. பிரதோஷம். சுருட்டப்பள்ளி பள்ளிகொண்டீஸ்வரர் கோயிலுக்கு அன்று மாலை எல்லாத் திசையிலிருந்தும் கூட்டம் வரும். திரும்பும் நாள் பிரதோஷமாக இருந்தால் ஊத்துக்கோட்டையிலிருந்து ஊருக்கு வரும் கடைசித் துண்டுப் பயணம்தான் மிகவும் கஷ்டப்படுத்தும்.
3. ஐப்பசி, கார்த்திகை அடைமழை. பிச்சாட்டூரில் ஆரணியாறு அணையைத் திறந்துவிட்டால் ஊத்துக்கோட்டையிலும் பெரியபாளையத்திலும் ஆற்றில் வெள்ளம் வரும். மழை நாளில் கிளம்பும் முன், ஊத்துக்கோட்டைப் பக்கம் தெரிந்தவர் ஒருவருக்குப் போன் போட்டுக் கேட்பது நல்லது.

காணும் பொங்கலன்று பிள்ளைகளை மெரினாவுக்குக் கூட்டிப்போக வேண்டாம். கூட்டத்தில் பிள்ளைகள் தொலைவது அன்று ஆண்டுதோறும் நடக்கிறது.

போகும் வழி

மூன்று வழிகள் உண்டு. கையில் சுமை இருக்குமா, கூட வருகிறவர்கள் யார் என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

*பேருந்து.* நாகலாபுரம், சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், செங்குன்றம் என்று நேராகப் போகும் வழி. ஆந்திரப் பேருந்துகளுக்கு 2018 முதல் மாதவரம் பேருந்து நிலையம்தான். கோயம்பேடு என்று பழைய நினைப்பில் இருப்பவர்கள் ஏறும்போதே எங்கே நிற்கும் என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நேர் பேருந்து கிடைக்காவிட்டால் ஊத்துக்கோட்டை வரை ஒன்று, அங்கிருந்து செங்குன்றத்துக்கோ சென்னைக்கோ ஒன்று என்று மாறிப் போகலாம்.

*ரயில்.* ஊத்துக்கோட்டையிலிருந்து பேருந்தில் திருவள்ளூர். அங்கிருந்து மின்சார ரயிலில் சென்னை சென்ட்ரல். ரயில் புறநகர் நடைமேடைகளில், மூர் மார்க்கெட் வளாகத்தில், போய் நிற்கும். பேருந்தில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கும் முழங்கால் வலிக்காரர்களுக்கும் இது தேவலை. காலை 8 முதல் 10 வரை வேலைக்குப் போகிறவர்கள் கூட்டம். அதற்கு முன்னாலோ பின்னாலோ ஏறுங்கள்.

*சொந்தக் கார்.* எல்லை தாண்டத் தடையில்லை. ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம் கையில் இருக்கட்டும். ஜனப்பன்சத்திரத்தில் கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறினால் நல்லூர் சுங்கச்சாவடி வரும். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கட்டும். நகரத்துக்குள் போனபின் காரை லாட்ஜில் விட்டுவிட்டு மெட்ரோவில் சுற்றுங்கள். தி. நகருக்குள் காரை ஓட்டிக்கொண்டு போவது வீண் வேலை. வாடகை வண்டி என்றால் தமிழ்நாட்டு பெர்மிட் போட்டிருக்கிறதா என்று கிளம்பும் முன்பே ஓட்டுநரைக் கேளுங்கள். ஊத்துக்கோட்டையில் நிறுத்தினால் அந்தச் செலவு உங்கள் தலையில் வந்து விழும்.

பெண்கள் கவனத்துக்கு: ஆந்திரத்தில் 2025 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் உள்ள இலவசப் பயணம் மாநில எல்லையைத் தாண்டும் பேருந்துகளுக்குக் கிடையாது, டிக்கெட் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. முகப்பில் பிங்க் வண்ணம் பூசியிருப்பதைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளலாம். சொகுசுப் பேருந்தில் ஏறிவிட்டு டிக்கெட் இல்லை என்று வாதாட வேண்டாம்.

முந்தின நாள் இரவு செய்ய வேண்டியவை

1. பட்டியல் எழுதுங்கள். "துணிமணி" என்று எழுதினால் போதாது. யாருக்கு, என்ன அளவு, அதிகபட்சம் எவ்வளவு ரூபாய் என்று ஆளுக்கொரு வரி.
2. அளவு ரவிக்கை, பிள்ளைகளின் அளவுச் சட்டை, பழைய செருப்பின் அடிப்பாகத்தைக் காகிதத்தில் வரைந்த கோடு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் புடவைக்கு ரவிக்கைத் துணி தேடுவதானால் புடவையின் முந்தானை ஓரத்தைக் கொண்டுபோங்கள். போனில் எடுத்த படத்தில் நிறம் மாறிவிடும்.
3. பெரியவர்கள் எல்லோருக்கும் அசல் ஆதார் அட்டை. லாட்ஜில் கேட்பார்கள்.
4. பூட்டுப் போடக்கூடிய பை ஒன்று. ரயில் நிலையப் பொருள் வைப்பறையில் பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள். ரயில் டிக்கெட்டும் கேட்பார்கள்.
5. மடித்து வைக்கும் துணிப்பைகள் நாலைந்து.
6. "சென்னை ஒன்" செயலியைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பரில் வந்தது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் அதிலேயே டிக்கெட் எடுக்கலாம்.

தங்குமிடம்

எழும்பூர், பெரியமேடு, திருவல்லிக்கேணி இந்த மூன்றில் ஒன்றில் தங்குங்கள். தி. நகரில் தங்கினால் கடைக்குப் பக்கம்தான். ஆனால் வாடகை அதிகம், இரவு ஊர் அடங்க நேரமாகும். எழும்பூர் என்றால் மெட்ரோவும் மின்சார ரயிலும் அருங்காட்சியகமும் நடை தூரம். என் ஓட்டு எழும்பூருக்கே.

அறை எடுக்கும் முன் கேட்க வேண்டியவை: வாடகை 24 மணி நேரக் கணக்கா, மறுநாள் பகல் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டுமா? காலி செய்தபின் பையை வரவேற்பில் வைத்துவிட்டுப் போகலாமா? இரண்டாவது கேள்விக்கு "வைக்கலாம்" என்று சொல்லும் லாட்ஜையே பிடியுங்கள். மறுநாள் கடைப் பயணம் முழுக்க அதை நம்பித்தான் இருக்கிறது. தண்ணீர் வருகிறதா, கதவுத் தாழ்ப்பாள் உட்புறம் சரியாக விழுகிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். நிலைய வாசலில் கையைப் பிடித்து "ரூம் வேணுமா சார்" என்று இழுப்பவரோடு போக வேண்டாம். அவருடைய கமிஷன் உங்கள் வாடகையில்தான் ஏறும்.

முதல் நாள்: பார்ப்பது

காலை 6 மணிக்குக் கிளம்பினால் பத்து மணிக்குள் பையை லாட்ஜில் போட்டுவிடலாம்.

1. எழும்பூர் அரசு அருங்காட்சியகம், காலை 10 முதல் 12.30. 1851-இல் தொடங்கியது. முழுவதையும் பார்க்க ஆசைப்பட்டால் கால் கெஞ்சும். இரண்டு கூடங்கள் போதும். ஒன்று அமராவதிச் சிற்பங்கள். கிருஷ்ணைக் கரையிலிருந்த பௌத்த ஸ்தூபியின் வெண்ணிறச் சுண்ணாம்புக்கல் பலகைகள். விரற்கடை அகலத்தில் ஒரு முகம், அதில் ஒரு பாவம், பின்னால் கூட்டம், யானை, மாடம் என்று அடுக்கடுக்காக வெட்டியிருப்பார்கள். கிட்டே போய் நின்று பாருங்கள். ஆந்திரத்திலிருந்து வருகிற நாம் பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள்? மற்றது செப்புத் திருமேனிகள் கூடம். அங்கே திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். திருவாலங்காடு நமக்கு அடுத்த வீடு மாதிரி, திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் நடுவில். பிள்ளைகளுக்குத் திமிங்கல எலும்புக்கூடு பிடிக்கும்.

2. மெட்ரோவில் எழும்பூரிலிருந்து சென்ட்ரல். ஒரே ஒரு நிறுத்தம்தான். மெட்ரோவில் ஏறாத பிள்ளைகளுக்கு இதுவே ஒரு வேடிக்கை. நகரும் படியில் சேலை முந்தானையையும் பிள்ளையின் செருப்பு வாரையும் கவனியுங்கள். பயப்படுகிறவர்களுக்கு லிஃப்ட் இருக்கிறது.

3. பார்க் டவுனிலிருந்து பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணி, சாப்பாடு. சென்ட்ரலுக்கு எதிரில் "பார்க்", "பார்க் டவுன்" என்று இரண்டு நிலையங்கள் உண்டு. வேளச்சேரி ரயில் நிற்பது பார்க் டவுனில். பெயர்க் குழப்பத்தில் தாம்பரம் வண்டியில் ஏறிவிட்டால் கிண்டிப் பக்கம் போய்விடுவீர்கள். திருவல்லிக்கேணியில் 1948 முதல் நடக்கும் ரத்னா கபேயில் இட்லி கேட்டால் அது மூழ்கும்வரை சாம்பார் ஊற்றுவார்கள். இட்லியும் சாம்பாரும் தனித்தனியாக வேண்டும் என்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

4. கலங்கரை விளக்கம், மாலை 3 மணி. லிஃப்டில் மேலே போய் மெரினாவை முழு நீளத்துக்கும் பார்க்கலாம். 5 மணிக்கு மூடுவதால் கடற்கரைக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். பலரும் முதலில் மணலில் இறங்கிவிட்டு, வெயில் தாழ்ந்ததும் விளக்கத்துக்கு வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறார்கள்.

5. மெரினா, 4 முதல் 5.30. அலை காலைத் தொடும் இடத்தோடு நின்றுவிடுங்கள். மெரினாவில் குளிக்கத் தடை. சும்மா போட்ட தடையல்ல அது. கரைக்குப் பக்கத்திலேயே பள்ளம் விழும், பின்வாங்கும் அலை ஆளை உள்ளே இழுக்கும். நாகலா மலை மடுவில் நீந்திப் பழகியவர்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மடுவில் நீந்தத் தெரிந்தவருக்குக் கடல் தெரியும் என்று அர்த்தமில்லை. சுண்டல், பஜ்ஜி எல்லாம் சாப்பிடலாம். குதிரை ஏறும் முன் விலையைப் பேசிவிடுங்கள்.

6. மயிலாப்பூர், மாலை 6. கபாலீசுவரர் கோயில் நடுப்பகலில் சாத்தி நாலு மணிக்கு மேல் திறக்கும். விளக்கேற்றிய நேரம்தான் அங்கே அழகு. நான்கு மாட வீதிகளில் கொலு பொம்மை, வெண்கல விளக்கு, பூஜைச் சாமான் கடைகள். சின்னச் சின்னப் பொருள் வாங்குவதானால் இங்கேயே வாங்கிவிடுங்கள். திருமயிலை நிலையத்திலிருந்து பார்க் டவுன் திரும்பி, 9 மணிக்கு அறைக்கு வந்துவிடுங்கள்.

ஜார்ஜ் கோட்டை, வள்ளுவர் கோட்டம், கோளரங்கம் எதையும் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. வேண்டுமென்றேதான். ஆறு இடத்துக்கு மேல் சேர்த்தால் எந்த இடமும் நினைவில் நிற்காது, பிள்ளைகள் அழும், மறுநாள் காலை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். மிருகம் பார்த்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் 2, 3, 4 மூன்றையும் வெட்டிவிட்டு மதியம் கிண்டி பாம்புப் பண்ணைக்குப் போங்கள். வண்டலூர் தனி ஒரு நாள் வேலை.

இரண்டாம் நாள்: வாங்குவது

தி. நகரா, பாரிமுனையா? ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கல்யாணப் பட்டு, நகை, தைத்த துணி என்றால் தி. நகர். மொத்தமாகத் துணி, பேன்சிச் சாமான், பத்திரிகை அட்டை, கடைக்குச் சரக்கு என்றால் பாரிமுனை. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் இரண்டிலும் பாதி வாங்கி, மீதியைப் புத்தூரில் வாங்குகிறார்கள்.

தி. நகர்

எழும்பூரிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் மாம்பலம். சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், அடுத்தது மாம்பலம். நிலையத்தை விட்டு இறங்கினால் ரங்கநாதன் தெரு. வயதானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் தெருவில் இறங்க வேண்டாம். 2023-இல் திறந்த ஆகாய நடைபாதை நிலையத்திலிருந்து தெற்கு உஸ்மான் சாலைக்கும் பேருந்து நிலையத்துக்கும் மேலாகவே கொண்டுபோய் விடும்.

வரிசை முக்கியம்:

1. கடை திறக்கும் நேரத்தில் பட்டு. கூட்டமில்லை, விற்பனையாளர் அலுத்துக்கொள்ளாமல் இன்னும் நாலு புடவை விரித்துப் போடுவார். பனகல் பூங்காவைச் சுற்றி நல்லி உட்படப் பெரிய பட்டுக் கடைகள் எல்லாம் இருக்கின்றன. மூன்றாவது கடைக்கு மேல் ஏற வேண்டாம். அதற்குமேல் கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகத் தெரியும்.
2. அடுத்து நகை, வாங்குவதாக இருந்தால். தலை தெளிவாக இருக்கும்போதே கணக்குப் போட வேண்டிய சமாச்சாரம் இது.
3. சாப்பாடு, அரை மணி உட்கார்வது. பாண்டி பஜாரில் 2019-இல் அமைத்த அகல நடைபாதையில் உட்கார இருக்கைகள் உண்டு. ஆண்களையும் பிள்ளைகளையும் இங்கே விட்டுவிட்டுப் போகலாம்.
4. பிள்ளைகள் துணி, தைத்த துணி.
5. பாத்திரம், பிளாஸ்டிக், கனமான எதுவும் கடைசியில். காலையிலேயே குக்கர் வாங்கிவிட்டு அதை ஏழு மாடி ஏற்றி இறக்குகிறவர்களை எந்தக் கடையிலும் பார்க்கலாம்.

*பட்டு வாங்கும்போது.* கடை விளக்கில் எல்லா நிறமும் ஒரு சுற்று மின்னும். புடவையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்க்கக் கேளுங்கள். நல்ல கடையில் மறுக்க மாட்டார்கள். சில்க் மார்க் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஜரிகையைச் சோதிக்க ஓரத்தில் தொங்கும் இழை ஒன்றை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அசல் ஜரிகையில் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். வெள்ளையாகவோ வேறு நிறமாகவோ தெரிந்தால் அது போலி ஜரிகை. போலியை வாங்கக் கூடாது என்றில்லை. அதற்கு அசல் விலை கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். முழுப் புடவையையும் விரித்து, இழை விட்டிருக்கிறதா, மடிப்பில் கறை இருக்கிறதா என்று மேசையிலேயே பாருங்கள். மாற்றிக்கொள்ளலாம் என்று பில்லில் அச்சடித்திருப்பார்கள். ஒரு புடவை மாற்ற மறுபடி 75 கி.மீ. வருவீர்களா? ரவிக்கைத் துணியை வெட்டிவிட்டால் மாற்றவும் மாட்டார்கள்.

*நகை வாங்கும்போது.* 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகை ஒவ்வொன்றிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி இருக்க வேண்டும். கடையில் பூதக்கண்ணாடி கேட்டு வாங்கி அதைப் படியுங்கள். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்தக் குறியைப் போட்டால் எந்தத் தரம், எந்தக் கடை பதிவு செய்தது என்று காட்டும். விலைச்சீட்டில் நான்கு வரியைத் தனித்தனியாகக் கேளுங்கள்: அன்றைய கிராம் விலை, எடை, செய்கூலி-சேதாரம், ஜி.எஸ்.டி. "சேதாரம் இல்லை" என்று விளம்பரம் செய்தால் அது செய்கூலியில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கல் வைத்த நகையில் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத்தான் தங்கத்துக்கு விலை போட வேண்டும். எடை போடும்போது தராசைப் பாருங்கள், விற்பனையாளர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டு லட்ச ரூபாயைத் தாண்டினால் பான் எண் வேண்டும். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கடைக்கும் சட்டத்தில் இடமில்லை.

பாரிமுனை

உயர் நீதிமன்றம் அல்லது மண்ணடி மெட்ரோவில் இறங்குங்கள். மொத்தத் துணிக்குக் கோடவுன் தெரு. வளையல், ரிப்பன், பொட்டு, பேன்சிக்குக் காசிச் செட்டித் தெரு. கல்யாணப் பத்திரிகைக்கும் காகிதத்துக்கும் ஆண்டர்சன் தெரு. தங்கசாலைத் தெருவில் வடநாட்டு இனிப்பும் வெள்ளியும். கடைகள் சோம்பலாகத்தான் திறக்கும். 11 மணிக்கு முன் போய்ப் பயனில்லை.

மொத்தக் கடையின் வழக்கம் வேறு. ஒரு டிசைனில் இத்தனை பீஸ் எடுத்தால்தான் விலை. போட்டுப் பார்க்க இடமில்லை, மாற்றிக் கொடுக்க மாட்டார்கள், பேரம் சுருக்கமாக முடியும். "எத்தனை பீஸ்? எந்த ஊர்?" என்று கேட்பார்கள். கல்யாணத்துக்கு வைத்துக் கொடுக்க நாற்பது சேலை என்று தெளிவாகச் சொன்னால் மதிப்பார்கள். "சும்மா காட்டுங்க" என்றால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

கடைக்குச் சரக்கு எடுப்பவர்கள் ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் வாங்குங்கள். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு என்பதால் மதிப்பு ரூ. 50,000-ஐத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். பத்து மூட்டையைப் பேருந்தில் ஏற்ற முயலாமல் பார்சல் சர்வீஸில் போடுங்கள்.

கடற்கரை நிலையத்தருகே பர்மா பஜார், அண்ணா சாலைப் பக்கம் ரிச்சி தெரு என்று மின்னணுச் சாமான் ஆசை வரும். பில்லும் வாரண்டி அட்டையும் தருகிற கடையில் மட்டும் வாங்குங்கள். பெட்டியை மூடிய பிறகு மறுபடி திறந்து பாருங்கள்; காட்டிய பொருள் வேறு, கட்டிக் கொடுத்த பொருள் வேறாக இருக்கலாம்.

சென்னையில் வாங்க வேண்டாதவை

லுங்கி, துண்டு, அன்றாடம் கட்டும் புடவை. நகரியிலும் புத்தூரிலும் விசைத்தறியில் நெய்கிறார்கள். பக்கத்தில் நெய்யும் துணியைச் சென்னை மாடிக் கடையில் ஏ.சி.க்கும் சேர்த்துக் காசு கொடுத்து வாங்கி வருவது என்ன கணக்கு? ஊரில் சர்வீஸ் செய்ய ஆளில்லாத மிக்ஸி, கிரைண்டரும் அப்படித்தான். கெட்டால் யார் தூக்கிக்கொண்டு போவது? போகிற வழியில் சென்னைச் சுவர்களில் "புத்தூர் கட்டு" என்று பலகைகளைப் பார்ப்பீர்கள். எலும்பு முறிந்த சென்னைக்காரர் நம் பக்கத்து ஊர்ப் பெயரை நம்புகிறார். நமக்குத்தான் பக்கத்து ஊர்த் துணி மேல் நம்பிக்கை இல்லை.

பணமும் பாதுகாப்பும்

ரொக்கத்தை இரண்டு பேரிடம் பிரித்து வையுங்கள். மொத்தத்தையும் ஒரு கைப்பையில் வைத்து அதை ரங்கநாதன் தெருவில் தோளில் தொங்கவிடுவது திருடனை அழைத்துக் கொடுப்பதற்குச் சமம். பை முன்பக்கம் இருக்கட்டும், ஜிப் உடம்புப் பக்கம் திரும்பட்டும்.

கவனத்தைத் திருப்பித் திருடுவது பெருநகரத்தில் பழைய வித்தை. சட்டையில் ஏதோ அசிங்கம் பட்டிருக்கிறது என்பார்கள். உங்கள் பத்து ரூபாய் கீழே விழுந்துவிட்டது என்பார்கள். "முன்னால கலாட்டா, நகையைக் கழற்றிப் பையில வைம்மா" என்று போலீஸ்காரர் தோரணையில் ஒருவர் அக்கறையாகச் சொல்வார். மூன்றுக்கும் ஒரே பதில்: நிற்காமல் பக்கத்துக் கடைக்குள் போய்விடுங்கள்.

பிள்ளைகளின் சட்டைப் பையில் பெற்றோர் போன் எண் எழுதிய சீட்டு வையுங்கள். சின்னப் பிள்ளைக்கு மணிக்கட்டில் பேனாவால் எழுதுங்கள். பிரிந்துபோனால் எங்கே சேர்வது என்று காலையிலேயே ஓர் இடம் சொல்லுங்கள், "பனகல் பூங்கா பெரிய வாசல்" என்பது மாதிரி. "கடை வாசல்" என்றால் ஒரே கடைக்கு நாலு வாசல் இருக்கும்.

ஆட்டோவில் ஏறும் முன், ஆட்டோ அழைக்கும் செயலி ஒன்றில் அந்தத் தூரத்துக்கு என்ன கட்டணம் காட்டுகிறது என்று பாருங்கள். பேரத்துக்கு அது அளவுகோல்.

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் எல்லையில் பறக்கும் படை நிற்கும். ரூ. 50,000-க்கு மேல் ரொக்கம் வைத்திருந்தால் வங்கியில் எடுத்த சீட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் கையில் வேண்டும். திரும்பும்போது நகை பில்லும் அப்படியே. அந்த நாட்களில் வங்கி வழியாகவே பணம் கொடுத்துவிடுவது நிம்மதி.

எண்கள்: அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸ் 108, பெண்கள் உதவிக்கு 181, ரயில்வே 139, இணையப் பண மோசடிக்கு 1930, கடை ஏமாற்றினால் நுகர்வோர் உதவி 1915. 112-உம் 108-உம் எல்லைக்கு இரு பக்கமும் ஒன்றுதான்.

திரும்புதல்

1. முதல் நாள் காலை ஊத்துக்கோட்டை வழியாகப் போகும்போதே, மாலை நாகலாபுரத்துக்குக் கடைசிப் பேருந்து எப்போது என்று நிலையத்தில் விசாரித்து எழுதி வையுங்கள். அதற்கு முந்தைய பேருந்துதான் உங்கள் பேருந்து. கடைசிப் பேருந்து ஆபத்துக்கு உதவ.
2. மதியம் 2.30-க்குக் கடை வேலையை நிறுத்துங்கள். பட்டியலில் மிச்சமிருந்தாலும் நிறுத்துங்கள்.
3. லாட்ஜில் பையை எடுத்து, எல்லாப் பொருளையும் பில்லோடு ஒருமுறை சரிபார்த்து, மூட்டைகளை எண்ணி, அந்த எண்ணை எல்லோருக்கும் சொல்லுங்கள். இறங்கும்போது ஏழு என்றால் ஏழு இருக்க வேண்டும்.
4. 4 மணிக்குள் மாதவரத்தில் பேருந்து ஏறுங்கள். 5 மணிக்கு மேல் செங்குன்றம் வரை அலுவலகக் கூட்டமும் லாரியும் சேர்ந்து சாலையை அடைத்துவிடும்.
5. "திருப்பதி" என்ற பலகையை மட்டும் பார்த்து ஏறாதீர்கள். திருத்தணி, நகரி வழியாகப் போகும் பேருந்து நம் ஊரைத் தொடாது. புத்தூரில் இறங்கி இரவில் மறுபடி பேருந்து தேட வேண்டும். "நாகலாபுரம் வழியா போகுமா?" என்று நடத்துநரிடம் வாய்விட்டுக் கேட்டுவிட்டு மூட்டையை ஏற்றுங்கள்.
6. நகை மேலே லக்கேஜில் போகக் கூடாது, மடியில் இருக்கட்டும். நகைக்கடைப் பெயர் அச்சடித்த பையைச் சாதாரணத் துணிப்பைக்குள் போட்டு மறைத்துவிடுங்கள்.

ஊத்துக்கோட்டையில் கடைசிப் பேருந்தும் போய்விட்டால், நகையும் பிள்ளைகளுமாக முன்பின் தெரியாத வண்டியில் ஏறாதீர்கள். பேருந்து நிலைய வெளிச்சத்தில் நின்று ஊரிலிருந்து வண்டி வரச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் வந்துவிடும்.